காதுக்குப் போன கை

எங்கள் ஊரில் அறுபது தாண்டிய ஆண்களிடம் ரகசியம் பேச முடியாது. பல்லடம் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். பாதிப் பேர் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவர்கள். முப்பது நாற்பது வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றவனுக்குக் காது எங்கே மிஞ்சும்? பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜியில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்ல, சமையலறையில் இருந்த பெண்ணின் அம்மா கரண்டியோடு வெளியே வந்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். எனக்கே ஒரு காதும் கால் காதும்தான் மிச்சம். அதனால் காது கேட்காததை நாங்கள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. கேட்கவில்லையா, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வோம். அதுவும் கேட்கவில்லையா, போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

இந்தப் பழக்கம்தான் என் தங்கை புருஷன் ஆறுமுகசாமி விஷயத்தில் எங்கள் எல்லாருடைய கண்ணையும் கட்டிப்போட்டது. அதிலும் முதலில் என் கண்ணை. என் பெயர் சென்னிமலை. தங்கை மயிலாத்தாளை அவருக்குக் கட்டிக்கொடுத்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது. அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். அவரைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான்.

அவருக்குப் பன்னிரண்டு தறி இருந்தது. எனக்கு எட்டு. தறி போட்டிருந்த இரண்டு குடோனும் அடுத்தடுத்துத்தான். தறி ஓடும்போது பேச்சு எடுபடாது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், மிச்சத்துக்குக் கைதான். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கினால் நூல் கொடுக்கிற முதலாளி வருகிறார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தடவை அமுக்கினால் தறியை நிறுத்து. என் தங்கையும் அவரும் அந்தச் சத்தத்துக்குள் வாயை மட்டும் அசைத்துச் சண்டை போடுவார்கள். ஒரு வார்த்தையும் வெளியே கேட்காது. ஆனால் தறி ஓட்டுகிற ஆட்கள் ஒருவர்விடாமல் அதை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

தறிகளை விற்ற அன்று அவர் கண் கலங்கினார் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. பழைய இரும்புக்காரரின் லாரி கிளம்பியதும் என்னைப் பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போனார். குடோனை ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி அடுக்க வாடகைக்கு விட்டார். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கெல்லாம் சேர்த்து இனிமேல் பேசப்போகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார்.

காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் பேக்கரி பெஞ்சில் உட்காருவார். ஒரு டீ, இரண்டு வர்க்கி. எட்டரை வரை எழுந்திருக்க மாட்டார். அவரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். காரணம், எங்கள் சனத்தின் உறவு முறை முழுவதும் அவர் மண்டைக்குள் இருந்தது. யாருக்கு யார் மாமன் முறை, சீர் யார் முதலில் செய்ய வேண்டும், எந்தப் பங்காளிக்கும் எந்தப் பங்காளிக்கும் எட்டு வருடமாகப் பேச்சில்லை, யாரை அழைக்க மறந்தால் மண்டபத்தில் பந்தியை விட்டு எழுந்துபோய்விடுவார், எல்லாம் சொல்வார். கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதலில் முருகன் கோயிலில் வைப்பார்கள், அடுத்து ஆறுமுகசாமியிடம் கொண்டுவருவார்கள். முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார். இவர் நாலு பேரைச் சேர்ப்பார், இரண்டு பேரை மாற்றுவார். பெஞ்சில் அந்த இடம்தான் அவருக்கு எல்லாம். தறி போனதற்கு வருந்தாதவர், ஒரு நாள் பேக்கரிக்கு லீவு விட்டால் பொழுது பூராவும் மயிலாத்தாளிடம் சிடுசிடுத்துக்கொண்டிருப்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டு, உங்கப்பா சௌக்கியமா என்று கேட்டார். அவனுடைய அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சுடுகாடு வரைக்கும் போய், முறைப்படி யார் எதைச் செய்ய வேண்டும் என்று அதட்டிச் செய்ய வைத்தவரே இவர்தான். ஒரு நிமிடம் பெஞ்சே திகைத்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அவன் அதற்கு முன்னால் சொன்ன ஏதோ ஒன்றைப் பெரியவர் தப்பாகக் கேட்டுக்கொண்டார் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். பையன் கிட்டே போய், அப்பா காலமாகிவிட்டார் என்று கத்திச் சொன்னான். ஆறுமுகசாமியின் வலது கை மெல்ல மேலே போய்க் காதை ஒட்டி நின்றது. ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்.

அந்தக் கை அன்றிலிருந்து அடிக்கடி காதுக்குப் போக ஆரம்பித்தது. இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணாடிபோலத் தெரிகிறது. யாராவது ஏதாவது கேட்டால் கை காதுக்குப் போகும். என்னுங்க என்பார். கேட்டவர் இரண்டாம் தடவை சத்தமாக, கொஞ்சம் விவரம் சேர்த்துக் கேட்பார். கை இறங்காது. மூன்றாம் தடவை கேட்பவருக்குப் பொறுமை போய், பதிலையும் தானே சொல்லிவிடுவார். அப்போது இவர் முகம் மலர்ந்து, அதேதானுங்க என்பார். பத்திரிகை கொண்டுவருகிறவர்களிடம், எல்லாரையும் கூப்பிடுங்க கண்ணு, யாரையும் உட்டுப்போடாதீங்க என்று சொல்ல ஆரம்பித்தார். வயதாக வயதாக மனுசனுக்கு என்ன பெருந்தன்மை என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன்.

போகப் போகப் பெஞ்சின் நடுவில் இருந்தவர் ஓரத்துக்கு வந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார். எழுந்தால் எழுவார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒன்றை மூன்று தடவை கத்திச் சொல்லி என் தொண்டை புண்ணாகிப்போனது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் இருக்கும், அது ஊருக்கே தெரியும். பேக்கரி என்று பார்க்காமல் நாலு பேர் முன்னால் அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. கை காதில் இருக்கும், வாய் சிரித்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் காது பரிசோதனை வைத்தார்கள். இழுத்துக்கொண்டு போனேன். சோதித்த பெண், தறிச் சத்தத்தில் காது நிறையப் பழுதாகியிருக்கிறது, மிஷின் வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும் என்றாள். அதோடு நிற்காமல் இன்னொன்றும் சொன்னாள். காது கேட்காதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களிடமிருந்து ஒதுங்கிவிடுவார்களாம், பேச்சு குறையக் குறைய மூளையும் மந்தப்பட வாய்ப்பு உண்டாம். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆகா, இதுதான் விஷயம், மிஷினை மாட்டினால் பழைய ஆறுமுகசாமி பெஞ்சின் நடுவுக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று தீர்மானித்தேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் புரிந்துகொண்டதுதான் அரைகுறை.

அவர் மாட்டேன் என்றார். இதுவே போதும் என்றார். காதில் அரிக்கும் என்றார், முருகன் கோயில் தைப்பூசம் முடியட்டும் என்றார். மூன்று மாதம் இழுத்தடித்தார். கிழவனுக்கு அழகு கெட்டுப்போகும் என்று பயமா என்று கேலி செய்தேன். கடைசியில் அவருடைய ஒரே மகன் இளங்குமரனைப் பிடித்தேன். பெருமாநல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். அப்பன் மேல் உயிர். ஒரே வாரத்தில் இரண்டு காதுக்கும் வாங்கி மாட்டிவிட்டான்.

மாட்டிய அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். தெருக்குழாயில் தண்ணீர் விழுவதைக் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். மயிலாத்தாள் அவருக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், தண்ணி வேணுங்களா என்று கேட்டாள். அவர் திரும்பி, வேண்டாம் மயிலா என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷனிடம் தணிந்த குரலில் பேசியதே இல்லை, இன்றைக்குத்தான் பேசினேன் என்றாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் முகத்தில் மட்டும் ஒரு பயம் இருந்தது. புதுசு, பழகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பெருமையாகப் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தேன். இனிமேல் யாரும் கத்த வேண்டாம், ஊசி விழுந்தாலும் கேட்கும் என்று அறிவித்தேன். ஆளாளுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் முதுகுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார். இவர் சட்டென்று திரும்பினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆரோக்கியராஜ் எங்கள் பெஞ்சில் ஒருவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முப்பது வருடத்துக்கு முன்னால் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கியவர், பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். ஊர் பெயர் தெரியாமல் நின்ற மனுசனுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும், பெஞ்சில் இடம் கொடுத்ததும் ஆறுமுகசாமி. ஆரோக்கியராஜின் மகள் ரோஸ்மேரி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் தவித்தபோது, ஏற்கெனவே தேதி வாங்கியிருந்த ஒருவர் காலைப் பிடிக்காத குறையாகப் பேசி, நாளை மாற்ற வைத்ததும் இவர்தான். அந்த நன்றி ஆரோக்கியராஜுக்கு அப்படியே இருந்தது. அதை நாலு பேர் முன்னால் சொல்ல அன்றைக்கு நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, மெதுவாத்தான் பேசுதேன். நம்ம ரோஸ்மேரி கல்யாணத்துக்கு மண்டபம் பிடிச்சுக் குடுத்தது யாரு? சொல்லுங்க பாப்போம்" என்றார்.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தோம். ஆறுமுகசாமியின் கை வழக்கம்போல மேலே போனது. காதில் இருந்த மிஷினில் விரல் பட்டது. சுட்டுக்கொண்டவரைப் போலக் கையை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை மடிக்கு வந்தது. உள்ளங்கை கீழே பார்த்தது. இரண்டு தடவை அமுக்கினார்.

தறியை நிறுத்து. அங்கிருந்த யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. டீ டம்ளரைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆரோக்கியராஜை ஏதாவது கிண்டல் செய்து பேச்சைத் திருப்பியிருக்கலாம். ஆனால் என் கோபம் என்னை விடவில்லை. மூன்று மாதம் மல்லுக்கட்டி மிஷின் மாட்ட வைத்திருக்கிறேன், நாலு பேர் முன்னால் இப்படி முழித்தால் எனக்கு அவமானமாக இருக்காதா?

"இப்பத்தான் நல்லாக் கேக்குதில்லீங்க மாப்ள? சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, எனக்குத் தெரியலீங்க என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெஞ்சில் அன்றைக்குத்தான் முதல் முறையாக யாரும் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். சாயம் போடும் டையிங் கம்பெனி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது மறையும் வரை நின்றோம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருடம் இருக்கும், கூடவும் இருக்கும் என்றார். ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்றேன்.

"செவுடன்னா எல்லாரும் ரெண்டு தடவ சொல்லுவாங்க மச்சான். புத்தி போச்சுன்னா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார். மிஷின் இரண்டையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

"ரிப்பேராயிருச்சுன்னு சொல்லிப்போடுங்க. நான் மறுக்காச் செவுடனாவே இருந்துக்கறனுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் சம்மதிக்கவில்லை. இது விளையாட்டுக் காரியம் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மிஷினைத் திரும்ப அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். அன்றைக்கே இளங்குமரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சரியான காரியத்தைத்தான் செய்தேன், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சரியான காரியம் செய்தால் மனசு லேசாகும் என்பதை மட்டும் நான் இனிமேல் நம்ப மாட்டேன்.

கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். மறதி நோய், ஆரம்பித்து வெகு நாளாகிறது என்றார் டாக்டர். ஏன் இத்தனை தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாராம். காது கேட்கவில்லை என்று நினைத்தோம் என்றானாம் இளங்குமரன். குணமாக்க மருந்தில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், மாத்திரையைவிட முக்கியம் மனுசர்கள், தனியாக விடாதீர்கள், நாலு பேரோடு பேசப் பழக விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இளங்குமரன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டான்.

அவன் நல்ல எண்ணத்தோடுதான் அடுத்த காரியத்தைச் செய்தான். எங்கள் சனத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் அப்பாவின் போட்டோவைப் போட்டு, இன்ன நோய், வழி தவறி எங்காவது நின்றால் தகவல் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டான். இருநூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். அதோடு சரி. அடுத்த முகூர்த்தத்தில் பத்திரிகைகள் இளங்குமரன் பெயருக்கு வந்தன. வந்தவர்கள் வாசலில் நின்று மயிலாத்தாளிடம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, பாத்ரூம் தானாகப் போகிறாரா என்று கேட்டார்கள். இரண்டடி தள்ளி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். மிஷின் காதில் இருக்கும். ஒரு சொல் விடாமல் கேட்கும்.

பேக்கரியிலும் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று இரக்கப்பட்டு ஒன்றும் கேட்காமல் விட்டார்கள். கேள்வியே இல்லாத இடத்தில் மனுசன் என்னதான் பேசுவான்? அவர் பக்கம் இருந்த இடம் மெல்ல மெல்லக் காலியானது. நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஆளில்லை.

இரண்டு மாதம் இதைப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட பொய்யை நான் சொல்லத் துணிந்தேன். ஒரு காலையில் வழியிலேயே மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை என்றேன். அவருக்கு முழுதாகப் புரிந்ததோ என்னவோ, முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. நடையில்கூடக் கொஞ்சம் வேகம் கூடியது. பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் ஊருக்கே கேட்கிற மாதிரி, மிஷின் கெட்டுப்போய்விட்டது, மனுசனுக்கு ஒரு எழவும் கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள் என்றேன். அவர் கையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, என்னுங்க என்று எல்லாரையும் பார்த்தார். ஆர்வமாகப் பார்த்தார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் செய்தித்தாளைப் பிரித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இவரிடம் யோசனை கேட்டுக் கல்யாணம் கட்டியவர்கள் இன்றைக்கு இரண்டு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று சத்தம் போட்டேன். ஆரோக்கியராஜ் என்னைத் தனியாக அழைத்துப்போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பேசணும்னுதான் இருக்கு அண்ணாச்சி. என்ன பேசன்னுதான் தெரியல. எதைக் கேட்டாலும் அவுக மனசு உடைஞ்சிருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஆறுமுகசாமியின் கை இன்னும் காதில்தான் இருந்தது. கை வலித்தோ, எதற்கு வைத்தோம் என்று மறந்தோ, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக இறங்கியது. அதுதான் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த கடைசி நாள். மறுநாள் கூப்பிடப் போனேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தவர், நின்று யோசித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் யாருக்கும் தெரியாமல் பழைய குடோனுக்குப் போய்விட்டார். துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அங்கே வேலை செய்யும் வடக்கத்திப் பிள்ளைகளைப் பார்த்து உள்ளங்கையை அமுக்கி அமுக்கிக் காட்டியிருக்கிறார். நல்ல பிள்ளைகள். தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, போன் செய்து, வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு இளங்குமரன் வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கினான். டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். ரோட்டில் லாரியில் அடிபட்டால் நீங்களா மாமா பதில் சொல்வீர்கள் என்று கேட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் பகல் முழுவதும் அவரும் மயிலாத்தாளும்தான். மகனும் மருமகளும் கம்பெனியிலிருந்து வர எட்டு மணி ஆகிறது. முன்பெல்லாம் மயிலாத்தாளும் செவ்வாய்க்கிழமை கோயில், மகளிர் குழு, விசேஷம் என்று போய்க்கொண்டிருந்தவள். இப்போது எங்கும் போவதில்லை. இவரிடம் பேசிப் பேசிப் பதில் வராமல் அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். நானாவது தினம் போயிருக்க வேண்டும். முட்டி வலி என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் போனேன். பிறகு வாரம் ஒரு நாள். முட்டி வலி உண்மைதான். ஆனால் பேக்கரிக்கு மட்டும் தினமும் நடக்கத்தான் செய்கிறேன். போன மாதம் மயிலாத்தாள், பக்கத்து வீட்டு வேலாத்தாள் பல்லடத்துக்குக் குடிபோன சேதியைச் சொன்னாள். உள்ளே போய் எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அதே சேதியைப் புதிதாகச் சொல்வதுபோல மறுபடி சொன்னாள். எனக்கு முதல் தடவை கேட்டிருக்காது என்று நினைத்துச் சொல்கிறாள் போலும் என்று தலையாட்டி வைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை போனேன். மயிலாத்தாள் பூட்டைத் திறந்துவிட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அவர் கம்பிக் கேட்டைப் பார்த்தமாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு. காதில் மிஷின். ரொம்ப இளைத்திருந்தார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சௌக்கியமுங்களா மாப்ள என்றேன்.

என்னையே பார்த்தார். அந்தக் கை மேலே போகும் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொன்னால், போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு காலத்தில் என்னை அத்தனை எரிச்சல்படுத்திய கை. இன்றைக்கு அது காதுக்குப் போனால் மூன்று தடவை இல்லை, முப்பது தடவை கத்திச் சொல்லத் தயாராக இருந்தேன். கை அசையவில்லை. மடியிலேயே கிடந்தது. முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. மறைக்க ஏதோ இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க யாருங்க?" என்றார். மரியாதையாக, விருந்தாளியைக் கேட்கிற குரலில்.

நான் உங்க மச்சானுங்க என்று சொல்ல வேண்டும். நாற்பத்தாறு வருடமாக அவர் வாயால் கூப்பிட்ட ஒரு வார்த்தை. அதை நான் என் வாயால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாமலே என் கை மேலே போனது. காதை ஒட்டி நின்றது.

"என்னுங்க?" என்றேன்.

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். காது கேட்காத மனுசன் என்று என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். என் முழங்காலில் கையை வைத்து, வாயசைவு தெரியும்படி முகத்தை நேரே காட்டி, பொறுமையாக, சத்தமாக எனக்காக இரண்டாம் தடவை கேட்டார்.

"நீங்க யாருங்கன்னு கேட்டனுங்க."